பூட்டு ஊரில் ஒரு ஜீப்

திண்டுக்கல்லுக்குப் போய் வருகிறவர்கள் ஒரு பூட்டு வாங்கி வருவது பழைய வழக்கம். சுருட்டுப் பிரியர்கள் சுருட்டு வாங்குவார்கள். வீட்டுப் பெண்களிடம் நல்ல பெயர் எடுக்க நினைக்கிறவர்கள் சின்னாளப்பட்டி வரை போய் ஒரு சுங்குடிச் சேலை பார்த்து வருவார்கள். சிறுமலைப் பழம் கிடைக்கிற காலமானால் ஒரு சீப்பாவது பையில் ஏறிவிடும். என் மனசில் அந்த ஊர் என்றதும் முதலில் வந்து நிற்பது இவை ஒன்றுமில்லை. ஒரு பழைய ஜீப் வண்டிதான் வந்து நிற்கிறது. கதவு இல்லாத, சாவி இல்லாத, இடது பக்கம் ஸ்டீயரிங் வைத்த, யுத்த காலத்து ஜீப்.

அது என் மாமாவின் வண்டி. சிறுமலை அடிவாரத்தில் மாமாவுக்குக் கொஞ்சம் தோட்டமும் மானாவாரி நிலமும் இருந்தன. மலைமேலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில் இறங்கும். அவற்றைக் கீழே வாங்கி ஊருக்குக் கொண்டு சேர்ப்பதும் அவருடைய வியாபாரம். மாட்டு வண்டி போகிற தடம்தான் பாதை. மழை பெய்தால் அதுவும் இல்லை. யுத்தம் முடிந்து சர்க்கார் ஏலத்தில் கழித்துக்கட்டி, மூன்று நான்கு கை மாறி வந்த ஒரு ஜீப்பை அவர் வாங்கினார். 1962-ல் நான் பள்ளிக்கூட விடுமுறைக்குப் போனபோது அது வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது.

இடது பக்க ஸ்டீயரிங்கில் ஒரு தொந்தரவு உண்டு. முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமானால், எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. "வரலாம் மாமா" என்று நான் கத்தினால் மாமா வண்டியை வெளியே எடுப்பார். ஒரு பன்னிரண்டு வயசுப் பையனின் வார்த்தையை நம்பி அவர் அப்படி எடுத்ததை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. என் வார்த்தையை அவர் பிற்பாடும் ஒருமுறை நம்பினார். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்ரோல் டாங்கி டிரைவர் ஆசனத்துக்கு அடியிலேயே இருந்தது. பெட்ரோல் போட வேண்டுமானால் மாமா எழுந்து இறங்க வேண்டும். சுவிட்சுக்குச் சாவி கிடையாது. ஆரம்பத்தில் செய்த யுத்த ஜீப்புகளுக்குச் சாவி இருந்தது. குண்டு விழுகிற இடத்தில், சாவி எவன் சட்டைப்பையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பிறகு வந்தவற்றில் சாவியை ஒழித்துவிட்டு வெறும் திருகு சுவிட்சு வைத்தார்கள். ஏறி உட்கார்ந்த எவனும் கிளப்பிக்கொண்டு போகலாம். பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு வந்து சேர்ந்த வண்டி இது! மாமா ஸ்டீயரிங் வளையத்தில் ஒரு சங்கிலியைக் கோத்து, மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். எனக்குத் தெரிந்து அந்த வண்டியில் செய்த முதல் மாறுதல் அதுதான்.

இந்த முரண்பாட்டைப் பற்றிப் பிற்பாடு நான் நிறைய யோசித்ததுண்டு. திண்டுக்கல் பூட்டைச் செய்கிற ஆசாரி அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நெம்புகோலையும் ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாக ராவுகிறார். இந்தப் பூட்டின் சாவி பக்கத்துப் பூட்டுக்குச் சேரக்கூடாது. சேர்ந்தால் அது பூட்டே இல்லை. ஜீப்பின் தர்மம் இதற்கு நேர் எதிர். அதன் எந்த உறுப்பும் வேறு எந்த ஜீப்புக்கும் சேர வேண்டும். சேராவிட்டால் அது யுத்தத்துக்கு உதவாது.

அந்த வண்டி பிறந்த கதையே அவசரத்தின் கதை. 1940 ஜூலை 11-ம் தேதி அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போக வேண்டும், எடை மிகக் குறைவாக இருக்க வேண்டும், முதல் மாதிரி வண்டி 49 நாளில் வேண்டும் என்று நிபந்தனை. பென்சில்வேனியா மாகாணத்தில் பட்லர் என்ற சிற்றூரில் நொடித்துப்போகிற நிலையில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி துணிந்து இறங்கியது. கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற எஞ்சினீயர் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23-ம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. ராணுவம் முதலில் கேட்ட எடை 1300 பவுண்டு. அந்த எடைக்குள் அப்படி ஒரு வண்டியைச் செய்ய யாராலும் முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதிகாரிகள் இறங்கி வந்தார்கள்.

பாண்டம் கம்பெனிக்குப் புகழ் கிடைத்தது; லாபம் கிடைக்கவில்லை. பெரிய அளவில் செய்ய அதனிடம் வசதி இல்லை என்று ராணுவம் வில்லிஸ் கம்பெனியிடமும் ஃபோர்டு கம்பெனியிடமும் வேலையைக் கொடுத்துவிட்டது. முதல் ஜீப்பைச் செய்தவர்கள் யுத்தம் முடிகிற வரை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் செய்துகொண்டிருந்தார்கள். வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000 ஜீப்புகளும், ஃபோர்டு ஏறத்தாழ 2,80,000 ஜீப்புகளும் செய்தன. ஒருவர் செய்த உறுப்பு மற்றவர் வண்டியில் அப்படியே உட்கார வேண்டும் என்பது கட்டளை. ஆனாலும் ஃபோர்டு கம்பெனிக்குத் தன் பெயரை விட மனசில்லை. தாங்கள் செய்த போல்ட்டுகளின் தலையில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்தைப் பொறித்து வைத்தார்கள். மாமாவின் வண்டி வில்லிஸ் வண்டி. அதில் அங்கங்கே 'எஃப்' போல்ட்டுகள் இருந்தன. எந்த நாட்டில், எந்தச் சேற்றில், எந்தச் சிப்பாய் எதிலிருந்து கழற்றி எதில் மாட்டினானோ!

நம் நாட்டுக்கு ஜீப் மூன்று வழியாக வந்தது. யுத்தம் முடிந்ததும் கழித்துக்கட்டிய சாமான்களோடு வந்தது ஒரு வழி. வங்காளத்தில் பானாகர் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் பெரிய கிடங்கு வைத்திருந்தது. அந்த ஊர் பழைய ராணுவ வண்டிகளுக்குப் பின்னாளில் பேர்போன சந்தையாகிவிட்டது. நம் பக்கத்தில் பழைய வண்டியின் உறுப்பு வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டை.

இரண்டாவது வழி மகிந்திரா. 1945-ல் லூதியானாவில் அந்தக் கம்பெனி தொடங்கியபோது அதன் பெயர் மகிந்திரா அண்டு முகம்மது. தேசம் இரண்டானபோது கூட்டாளியான குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அதன் முதல் நிதி மந்திரியானார்; பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனி, மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. 1949-ல் பம்பாயில், அமெரிக்காவிலிருந்து உறுப்பு உறுப்பாக வந்த ஜீப்பைப் பூட்டி வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். நம் பாஷையில் 'பூட்டுவது' என்றால் அடைப்பது மட்டுமல்ல, இணைப்பதும்கூட. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம்.

மூன்றாவது வழி கொஞ்சம் வெட்கக்கேடானது. 1948-ல் காஷ்மீர் யுத்த சமயத்தில் நம் ராணுவத்துக்கு ஜீப் அவசரமாகத் தேவைப்பட்டது. லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், செப்பனிட்ட பழைய ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கின 155 வண்டிகளையும் ராணுவம் லாயக்கில்லை என்று ஒதுக்கியது. பார்லிமெண்டில் பல வருஷம் இது புகைந்துகொண்டிருந்தது. 1955-ல் உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த், விஷயம் முடிந்தது என்று அறிவித்தார். எனக்கு இதில் கட்சி இல்லை. 'செப்பனிட்டது' என்று எழுதிக் கொடுத்ததை எல்லோரும் படித்தார்கள், செப்பனிட்டவன் யார் என்று கேட்கத் தவறிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. திண்டுக்கல்லில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்.

1952 அக்டோபர் 2-ம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு கிராமங்களுக்கு ஜீப் என்றால் பி.டி.ஓ. ஜீப். கிணற்றுக் கடன், கோழிப் பண்ணை, அம்மை ஊசி, தேர்தல் ஒலிபெருக்கி எல்லாம் அந்த ஒரே மூஞ்சியோடுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. குழந்தைகள் பின்னால் ஓடுவார்கள். கடன் பாக்கி வைத்திருக்கிற பெரியவர்கள் சோளக் கொல்லைக்குள் போய்விடுவார்கள்.

திண்டுக்கல் பூமி செம்மண் பூமி. மழை இல்லாத மாதங்களில் காற்றே சிவப்பாக இருக்கும். அந்த மண்ணில் ஓடுகிற வண்டியைக் காப்பாற்றுவது எப்படி என்பதை நான் கற்றது ஒரு மேஸ்திரியிடம். ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சந்தில் தகரக் கொட்டகை. ஒரு பக்கம் துருத்தியும் பட்டறைக் கல்லும். மறுபக்கம் இரவல் வாங்கி வந்தது போல் ஒரு பழைய லேத். மேஸ்திரிக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. அவர் தகப்பனார் பூட்டு ஆசாரி. மகன் அரத்தோடு ஸ்பானரையும் பிடித்துக்கொண்டவர்.

"மாடா இருந்தா பசிச்சாக் கத்தும். இது கத்தாதுங்க. கத்துச்சுன்னா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்பார்.

அவர் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, காற்று வடிகட்டியை. அதன் அடியில் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும். காற்று அந்த எண்ணெய்மேல் தவழ்ந்துதான் எஞ்சினுக்குள் போகும். புழுதி எண்ணெயில் படிந்துவிடும். செம்மண் புழுதி உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும். தார் ரோட்டில் ஓடுகிறவன் எப்போதோ மாற்றுகிற அந்த எண்ணெயை, கோடையில் மாமா வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது மேஸ்திரியின் உத்தரவு. கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடியில் மருதாணி அரைத்து வைத்தது போல் சேறு இருக்கும்.

அடுத்தது அச்சு. வாய்க்காலிலும் ஓடையிலும் இறங்கி ஏறினால் சூடான அச்சுக் கூடு சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். அடைப்பானைத் திறந்து விரல் விட்டுப் பார்ப்பார். எண்ணெய் கறுப்பாக இருந்தால் சரி. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பல் சக்கரம் போய்விடும். பிறகு வில் பட்டைகள். அவற்றைத் தொங்கவிடுகிற ஆணிகளுக்கு கிரீஸ் ஏறுகிறதா, பட்டையை அச்சோடு பிடித்திருக்கிற வளைந்த போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். முன் சக்கரம் சுழன்று திரும்புகிற முளையில் தேய்மானம் இருந்தால், ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டீயரிங் பேய் பிடித்தது போல் ஆடும். பயந்தவர்கள் டயரை மாற்றுவார்கள். மேஸ்திரி அந்த முளையின் அடியில் காகிதம் போன்ற தகட்டைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வார்.

முன் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கிற நெம்புகோலைத் தார் ரோட்டில் தொடக்கூடாது என்பது இன்னொரு உத்தரவு. அது ஏன் என்று கேட்டேன். திருப்பத்தில் முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கெல்லாம் பல் சக்கரத்தின்மேல் ஏறும். நாலு சக்கரமும் இழுத்தால் பலம்தானே என்று நினைப்பவர்கள் நாலையும் சேர்த்து உடைப்பார்கள். ஒரு சுவடிக்கட்டைத் தரையில் வைத்து வட்டம் போட்டுக் காட்டி இதை அவர் எனக்கு விளக்கினார். கல்லூரியில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

காலம் போகப் போக யுத்த ஜீப்பின் உறுப்புகள் கிடைப்பது அரிதாயிற்று. அப்போதுதான் பூட்டு ஊரின் கைத்திறன் பயன்பட்டது. ஆணி தேய்ந்ததா? லேத்தில் கடைந்து, துளைக்கு ஏற்றபடி அரத்தால் ராவிப் பொருத்துவார். துளையும் தேய்ந்ததா? துளையைப் பெரிதாக்கி ஆணியையும் பெரிதாக்குவார். கியர் நெம்புகோலின் கவை தேய்ந்தால் வெல்டிங் போட்டு நிரப்பி, பூட்டின் நாக்கை ராவுவது போல் ராவி எடுப்பார். 6 வோல்ட் பல்பு கிடைக்கவில்லை என்று வண்டி முழுவதையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினார்.

இதில் ஒரு விசித்திரம் நடந்தது. எல்லா ஜீப்புக்கும் பொதுவாக இருந்த உறுப்புகள் போய், இந்த ஒரு ஜீப்புக்கு மட்டுமே சேருகிற உறுப்புகள் வந்து சேர்ந்தன. லட்சக்கணக்கில் ஒரே அச்சில் பிறந்த வண்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திண்டுக்கல் பூட்டாக மாறிக்கொண்டிருந்தது. அதன் சாவி மேஸ்திரியின் கையில் இருந்தது. அது வேறு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

1973-ல் உலகத்தில் எண்ணெய் விலை ஏறியது. பெட்ரோல் போட்டு மாமாவால் கட்டிவரவில்லை. டீசல் எஞ்சின் பொருத்தலாம் என்றார்கள். அக்காலத்தில் நாடு முழுவதும் ஜீப்காரர்கள் இதைச் செய்தார்கள். மகிந்திராவும் பிற்பாடு டிராக்டர் வம்சத்து டீசல் எஞ்சினையும், அதற்குப் பின் பிரெஞ்சு பியூஜோ டீசல் எஞ்சினையும் ஜீப்பில் வைத்து விற்றது. மேஸ்திரி உடனே தலையாட்டவில்லை. ஒரு மாதம் கழித்துச் சாக்கட்டியால் சுவரில் ஒரு பட்டியல் எழுதிக் காட்டினார்.

டீசல் எஞ்சின் கனமானது. முன் வில்லுக்கு ஒரு பட்டை கூட்ட வேண்டும். பழைய பெட்ரோல் எஞ்சின் 60 குதிரை சக்தி. நிமிஷத்துக்கு 4000 சுற்று வரை ஓடும். டிராக்டர் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். அப்படியே வைத்தால் வண்டி மாட்டோடு போட்டி போடும். ஆகவே அச்சுக்குள் இருக்கிற பல் சக்கர விகிதத்தை மாற்ற வேண்டும். பின் அச்சில் மாற்றினால் முன் அச்சிலும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போடும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற தகடு மயிரிழை விலகினால் கிளச் நிற்காது. டீசலின் அதிர்ச்சிக்குத் தாங்கிகளும் புதிதாக வேண்டும். பாட்டரி பெரிதாக வேண்டும்.

"ஒண்ணை மாத்துறேன்னு சொல்லுவாங்க. ஒண்ணுன்னு எதுவுமே இல்லீங்க, எல்லாம் கூட்டுக் குடும்பம்" என்றார். மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அந்த வண்டி அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்குமேல் முகம் சுளிக்காமல் ஓடியது.

யுத்த ஜீப்பை மாற்றியவர்கள் நாம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் மாரிஸ் வில்க்ஸ் என்ற ரோவர் கம்பெனி எஞ்சினீயர் தம் பண்ணைக்கு ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். இது போனால் வேறு என்ன வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததுதான் லாண்ட் ரோவர். 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். பிலிப்பைன்ஸில் அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை மணிலாக்காரர்கள் நீட்டி, எதிரும் புதிருமாகப் பெஞ்சு போட்டு, வர்ணம் அடித்து ஊர் பஸ் ஆக்கினார்கள். அதுதான் ஜீப்னி. நாளடைவில் ஜீப்பை நீட்டுவதை விட்டுவிட்டு, அந்த நீளத்துக்கென்றே தனி வண்டி கட்டத் தொடங்கினார்கள். அதுதான் புத்தி. நாங்கள் அதைச் செய்யவில்லை.

1985-ல் மதுரை ஜில்லாவிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. அந்த வருஷம்தான் மாமா மகன் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டான். பழனி மலைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போனால் நல்ல வரும்படி. வண்டியை இரண்டடி நீட்டினால் பதினாறு பேர் உட்காரலாம் என்றான். மேஸ்திரி முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் மறுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

நான் அப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். மேஸ்திரி என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, நீங்க படிச்சவரு. ஐயாகிட்ட எடுத்துச் சொல்லுங்க. சேஸிஸை வெட்டுறது மரத்தை வெட்டுற மாதிரி இல்லை" என்றார். நான் அவர் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, மாமா என் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, "அவர் பழைய ஆள். காலத்துக்குத் தகுந்தபடி மாற வேண்டியதுதானே மாமா" என்றேன். எனக்கு ஜீப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது. அவருக்கு எதிராகவே அதைப் பேசினேன். எதிரே எதுவும் வரவில்லை, வரலாம் மாமா என்று மறுபடியும் கத்தினேன்.

வேறு ஒரு பட்டறையில் வெட்டி ஒட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 1986 மார்கழியில் ஒரு சாயங்காலம், காப்பிப் பழம் பறித்துவிட்டு இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலைச் சரிவில் வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் கெட்டிக்காரன், பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் மோதிச் சாய்த்தான். உயிர்ச் சேதம் இல்லை. கைகால் முறிந்தவர்கள் தேறிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவள் அதற்குப் பிறகு காப்பிச் செடிக்கு முன்னால் நிற்கவில்லை. மாமா கொஞ்சம் நிலத்தை விற்று அவள் குடும்பத்துக்குக் கொடுத்தார்.

மேஸ்திரி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே அதே பழைய ஒன்பது அங்குல பிரேக் டிரம். நாலைந்து பேருக்காகச் செய்தது.

"நீளத்தைக் கூட்டுனாங்க. ஆளைக் கூட்டுனாங்க. பிரேக்கை யாரும் கூட்டலையே" என்றார். எங்கள் யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

புதுப்பேட்டையிலிருந்து வேறொரு ஜீப்பின் சேஸிஸ் வந்தது. அது மட்டும் அரமே படாமல் அப்படியே சேர்ந்தது. யுத்த காலத்தில் போட்ட கட்டளை அத்தனை வருஷத்துக்குப் பின்னும் செல்லுபடியாயிற்று. ஆனால் அந்தச் சேஸிஸின் நம்பர் வேறு, பதிவுப் புத்தகத்தில் இருந்த நம்பர் வேறு. சட்டத்தின் கண்ணுக்கு அந்த வண்டி இல்லாமல் போய்விட்டது. அது தோட்டத்துக்குள் மட்டும் ஓடலாம் என்று மாமா முடிவு செய்தார். சாலைக்கு அது திரும்ப வரவே இல்லை.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஜீப்பை உயர்த்தியும் அகலப்படுத்தியும் அழகு பார்க்கிற இன்றைய இளைஞர்கள் இந்தச் சட்டத்தைத் திட்டுகிறார்கள். என்னால் அவர்களோடு சேர்ந்து திட்ட முடியவில்லை. அந்தப் பெண்ணின் முகம் குறுக்கே வருகிறது. அதே சமயம், மேஸ்திரி மூன்று மாதம் யோசித்துச் செய்த மாறுதலையும், மற்றவர்கள் மூன்று நாளில் செய்த மாறுதலையும் சட்டத்தால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதும் உண்மை. சட்டம் கேட்பது என்ன மாறியிருக்கிறது என்று. மாற்றியவன் எப்படிப்பட்டவன் என்று கேட்க அதற்கு வழி இல்லை. அதனால் எல்லோரையும் தடுக்கிறது. தடுக்காமல் விட்ட காலத்தில் நான் சொன்ன அபிப்பிராயத்தை நினைத்தால், தடுப்பதே மேல் என்றுதான் படுகிறது.

மேஸ்திரி கண் மங்குகிற வரை அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டார். அவர் மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பூட்டுத் தொழிலும் நலிந்துவிட்டது. அலிகார் பூட்டும் யந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டும் வந்து பல பட்டறைகளை மூடிவிட்டன. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. அரம் பிடிக்கிற கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

அவர் காலமான பிறகு வண்டி ஒருநாள் நின்றது. டவுனிலிருந்து வந்த மெக்கானிக் நல்ல பையன். புத்தகத்தைப் பார்த்து வாங்கி வந்த உறுப்பு எதுவும் உள்ளே போகவில்லை. "இது ஜீப்பு மாதிரியே இருக்கு சார், ஆனா ஜீப்பு இல்லை" என்றான். சாவி தொலைந்த பூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டும். மாமா மகனுக்கு உடைக்க மனசு வரவில்லை. வண்டி இன்னும் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது.

கடைசியாக மேஸ்திரியைப் பார்த்தபோது அவர் எனக்கு ஒரு போல்ட்டைக் கொடுத்தார். 'எஃப்' எழுத்துப் பொறித்த பழைய போல்ட். வேண்டுமென்று நான்தான் கேட்டேன். கொடுக்கும்போது பழக்க தோஷத்தில் அதன் நட்டையும் திருகிக் கொடுத்தார். மறை தேய்ந்த அந்தப் போல்ட்டுக்காக அவரே கடைந்த நட்டு. என் மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க அதை வைத்திருக்கிறேன். போல்ட் எந்த ஜீப்புக்கும் சேரும். நட்டை வேறு போல்ட்டுகளில் போட்டுப் பார்த்தேன், ஒன்றிலும் ஏறவில்லை.